கடலைக் கீழே போட்டவள்

நம்முடைய பழைய நாடகத்தைப் புதிதாகப் போட்ட வீடியோ இந்தக் குழுவுக்கு வந்து இன்றைக்கு ஐந்து நாள். ஐந்து நாளாக நீங்கள் எல்லோரும் கைதட்டும் படத்தைப் போட்டபடி இருக்கிறீர்கள். பாரிசில் இருப்பவள் மூன்று தரம் பார்த்து மூன்று தரமும் அழுதாளாம். கனடாக்காரி பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக் காட்டினாளாம். "அந்த மௌனம்தான் நாடகத்தின்ரை உயிர்" என்று மன்னாரில் இருப்பவள் குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை என்று உங்களுக்குக் கோபம். "கடலைக் கீழே போட்டவள் எங்கை? உயிரோடை இருக்கிறாளோ?" என்று நேற்று ஒரு பகிடி வேறு.

இருக்கிறேன். இருப்புக்கொள்ளாமல் இருக்கிறேன். தேத்தண்ணி ஊற்றி வைத்தால் ஆறிப்போகிறது. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பை மூட்ட மறந்துபோகிறேன். கதிரையில் இருந்தால் எழும்ப வேண்டும்போல இருக்கிறது, எழும்பினால் எதற்கு எழும்பினேன் என்று தெரியவில்லை. ஆகவே இதை ஒற்றை விரலால் தட்டுகிறேன். நீளமாகத்தான் வரும். பாதியில் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள்.

முதலில் நாடகத்தைப் பற்றிச் சொல்கிறேன். நல்லதை நல்லது என்று சொல்ல எனக்குக் கஞ்சத்தனம் இல்லை. நாம் எட்டுப் பெண்பிள்ளைகள், பத்துப் பதினொரு வயதில், நீலத் துணியின் இரண்டு பக்கமும் நின்று அதை உயர்த்தித் தாழ்த்திக் கடலாக்கினோமே, அது நல்ல யோசனை. இப்போது அதைப் புதிதாக மேடையேற்றிய தம்பி திரையில் கடலைப் படமாகக் காட்டுகிறான். படத்துக் கடலுக்கு மூச்சு வாங்காது, கை உளையாது. நம்முடைய கடலுக்கு உளைந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அது தெரிந்தது. ஆனால் புனிதரை வெறும் வெளிச்சமாக மட்டும் காட்டினானே, அதற்கு அவனுக்கு ஒரு சபாஷ். நம்முடைய நாடகத்தில் புனிதராக வந்தவர் பேக்கரி முதலாளி. நீலத் துணி முழுவதும் அவருடைய உபயம். அதனால் புயல் தொடங்கிக் கால்வாசி ஆகமுன்னமே மேடைக்கு வந்து, ஒரு கையைத் தூக்கியபடி கடைசிவரை நின்றார். படகோட்டி தப்புவானா மாட்டானா என்று யாருக்குப் பதற்றம் வரும்? காப்பாற்றுகிறவர்தான் பக்கத்திலேயே நின்று வியர்வை துடைக்கிறாரே.

கதை உங்களுக்குத் தெரியும், ஆனால் உங்கள் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று சொல்கிறேன். நேர்த்திக்கடனை மறந்து ஒரு படகோட்டி மீன்பிடி தொழிலுக்குப் போகிறான். கரையில் நின்று மனைவி தடுக்கிறாள். அவன் கேளாமல் போய்ப் புயலில் மாட்டுகிறான். மனைவியின் செபத்துக்கு இரங்கிப் புனிதர் அவனைக் கரை சேர்க்கிறார். அவ்வளவுதான். எழுதி இசை போட்டவர் மாஸ்டர். கொக்குவிலில் இருந்து சைக்கிளில் வருவார், சைக்கிள் கரியரில் ஆர்மோனியம் கட்டியிருக்கும். சைவக்காரர், கடலில் கால் நனைத்து நான் கண்டதில்லை. ஆனாலும் எங்கள் கூத்து மெட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அவற்றுக்குள் தன் சங்கீதத்தைக் கலந்து புதிதாக ஒன்றைச் செய்தார். அது பெரிய கெட்டித்தனம்.

அவர் செய்த இன்னொரு புதுமை, பெண் வேடத்துக்குப் பெண்ணையே போட வேண்டும் என்றது. அதுவரை எங்கள் கரையில் மீசையை வழித்த ஆண்கள்தான் ராணிகள். பங்குச் சுவாமியார் சம்மதித்தார். குரல் யாருக்கு இருக்கிறது என்று பார்த்தால் என் அக்காவுக்கு இருந்தது. அப்போது அவளுக்குப் பதினேழு. ஆனால் அவள் எந்த ஆணுக்கு மனைவியாக நடிப்பது? ஒரு வீட்டிலும் சம்மதம் இல்லை, எங்கள் வீட்டில் சொல்லவே வேண்டாம். படகோட்டியாக நடிக்கவிருந்தவர் எங்களைப் பெற்ற ஐயா. கூத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர், அவரை மாற்றவும் முடியாது. மாஸ்டர் ஒரு நாள் யோசித்தார். அடுத்த நாள் வந்து மனைவியை மகளாக்கிவிட்டார்.

சிரிக்காதீர்கள், அது நல்ல தீர்வுதான். ஆனால் பாட்டுகளை அவர் திருப்பி எழுதவில்லை. 'நாதா' என்று வந்த இடமெல்லாம் 'அப்பா' என்று போட்டார், சந்தமும் சரியாக விழுந்தது. மகள் தகப்பனைப் பார்த்து, "மஞ்சள் முகம் வாடுதே அப்பா, மல்லிகையும் காயுதே" என்று உருகிப் பாடினாள். ஊரில் ஒருவரும் அதைப் பிழை என்று சொல்லவில்லை. குடும்ப மானம் தப்பியது, கதையின் மானத்தைப் பற்றி யாருக்கு அக்கறை? இந்தத் தம்பியும் புது நாடகத்தில் அதே வரிகளை அப்படியே வைத்திருக்கிறான். அதற்கும் நீங்கள் கைதட்டியிருக்கிறீர்கள்.

இனி நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு இந்த மகள்தான் முக்கியம்.

அக்காவின் குரலைப் பற்றி மாஸ்டர் மருதனார்மடத்தில் சங்கீதம் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவரிடம் சொல்லியிருந்தார். ரீச்சர் நாடகத்துக்கு வந்து கேட்பார், பிடித்தால் தன்னிடம் எடுத்துப் படிப்பிப்பார், தன் வீட்டிலேயே தங்கவும் விடுவார் என்று ஏற்பாடு. இது உங்களில் பலருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஐயாவுக்கு நாடகம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று அம்மா வைத்திருந்தார். அக்கா ஒரு சூட்கேசைக் கட்டிலுக்குக் கீழே இருந்து வெளியே இழுத்து வைத்துத் துடைத்தாள். பித்தளைப் பூட்டுப் போட்ட பழைய சூட்கேஸ். நான் அவளோடு ஒரே பாயில் படுக்கிறவள். அந்தச் சூட்கேசின் மணம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒத்திகை சுவாமியார் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் நடந்தது. சோளகக் காற்றுக்கு மாஸ்டரின் கடதாசிகள் பறக்கும், ஆளுக்கொரு கல் தூக்கி வைப்போம். கரையில் மகள் பாட வேண்டிய பாட்டுத்தான் நாடகத்தின் உச்சம். தகப்பன் வள்ளத்தில் கால் வைக்கிறான், மகள் ஓடிவருகிறாள்:

"எங்கே போகிறீர் அப்பா, எனைத் தனியே விட்டெங்கே போகிறீர்?"

அக்கா அதை எடுக்கும்போது சுவாமியாரின் சமையல்காரர்கூடக் கரண்டியோடு வாசலுக்கு வந்து நிற்பார். நாற்பது தரமாவது பாடியிருப்பாள். ஒரு தரமும் தடுமாறவில்லை. ஏன் தடுமாறவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். ஐயா அந்த ஒத்திகைகளுக்கு வந்ததே இல்லை. அவருக்குத் தன் பாட்டுகள் மனப்பாடம், தொழிலை விட்டுவிட்டு வரமாட்டார். அவருக்குப் பதிலாகக் கோயில் மணி அடிக்கிற சங்கிலித்தாம் வந்து, வள்ளம் என்று ஒரு மர வாங்கில் காலைத் தூக்கி வைப்பார். மணி அடிக்கிறவரைப் பார்த்து 'எங்கே போகிறீர்' என்று கேட்பதில் அவளுக்கு என்ன தயக்கம்?

உங்கள் பிள்ளைகளுக்கு இது விளங்காது. விமான நிலையத்திலேயே 'எங்கே போகிறாய்' என்று கேட்டு வளர்ந்தவர்கள். எங்கள் வீடுகளில் வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து அப்படிக் கேட்க முடியுமா? கேட்டால் போன காரியம் கெட்டுப்போகும். கடலுக்குப் போகிறவரிடம் கேட்டால், போகிறவரே திரும்பமாட்டார். 'தூரமோ?' என்றுதான் கேட்க வேண்டும். அக்கா தினமும் ஐயாவின் சாப்பாட்டுப் பெட்டியைக் கரைக்குக் கொண்டுபோவாள். "தூரமோ ஐயா?" என்பாள். "உதிலைதான் பிள்ளை" என்பார் ஐயா, இந்தா பக்கத்தில்தான் என்கிறமாதிரி. கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போனாலும் அவருக்கு உதிலைதான். மூன்று நாள் கழித்து வந்தாலும் உதிலைதான்.

இத்தனைக்கும் மாஸ்டரின் மனைவியும் அவர் சைக்கிளை எடுக்கும்போது 'தூரமோ' என்றுதான் கேட்டிருப்பார். ஆனால் பேனை எடுத்ததும் அவருக்கு 'எங்கே' என்று வந்துவிட்டது. பாட்டுத்தானே என்று அதைப் படித்த சுவாமியாருக்கும், பாடிய அக்காவுக்கும், கேட்ட நமக்கும் உறைக்கவில்லை.

நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னம் ஐயா மேடையைப் பார்க்க வந்தார். மாஸ்டர் மட்டை வெட்டி, வர்ணம் அடித்து ஒரு படகு செய்து வைத்திருந்தார். ஐயா அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"உது வள்ளமோ மாஸ்டர்? உதிலை கொசுவும் ஏறாது. நான் கால் வைச்சால் எங்கடை சனம் சிரிக்கும்."

"மேடைக்கு உது காணும் அண்ணை. சனம் கற்பனை பண்ணும்" என்றார் மாஸ்டர்.

"கரைச்சனம் வள்ளத்திலை கற்பனை பண்ணாது. என்ரை வள்ளத்தையே கொண்டுவாறன். ஆனால் பொழுதுபட முன்னம் திரும்ப இறக்கிப்போட வேணும். அண்டைக்கும் தொழில் இருக்கு."

மாஸ்டருக்கு மகிழ்ச்சி பிடிபடவில்லை. உண்மையான வள்ளம் மேடையில் ஏறினால் எவ்வளவு பெரிய விஷயம்! நாடகத்தைப் பின்னேரம் நாலரைக்குத் தொடங்குவதென்று மாற்றினார்கள். கோயிலுக்கு முன்னால் மணலை அணைத்துக் கட்டிய மேடை. பனங்குற்றிகளை உருட்டி உருட்டிப் பதினாறு பேர் வள்ளத்தை ஏற்றினார்கள். அதற்குள் வலை இருந்தது, தண்ணிப் போத்தல் இருந்தது, பழைய மீன் மணம் இருந்தது. ஐயாவும் வேட உடுப்பு வேண்டாம் என்று தொழிலுக்குப் போகிற சாரத்தோடும் தலைப்பாகையோடும் வந்தார். இவ்வளவு அச்சொட்டாக ஒரு மேடையை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை. அந்த அச்சொட்டுத்தான் நாடகத்தைக் கவிழ்த்தது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஐயாவின் வரவுப் பாட்டே கால் மணித்தியாலம். தான் யார், தன் வள்ளம் எது, தன் பரம்பரை எது என்று ஆடி ஆடிச் சொல்லித்தான் கதைக்குள் வந்தார். முன் வரிசைக் கதிரையில் மருதனார்மடத்து ரீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கரைக் காட்சி. நாம் துணியை விரித்து அலை எழுப்பினோம். வள்ளத்தின் தலைப்பக்கம் துணியின் மூலை என் கையில். அக்கா கையில் சாப்பாட்டுப் பெட்டி, எங்கள் வீட்டுப் பெட்டியேதான். ஐயா வள்ளத்தின் விளிம்பில் ஒரு காலை வைத்தார். தலைப்பாகையை இறுக்கிக் கட்டினார். தினமும் அப்படித்தான் கட்டுவார்.

மாஸ்டர் ஆர்மோனியத்தில் எடுப்பை வாசித்தார். அக்கா பாடவில்லை. இரண்டாம் தரம் வாசித்தார். பாடவில்லை. பின்னால் இருந்து விசில் வந்தது. முன்னால் மணலில் இருந்த எங்கள் பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் தரமும் வாசித்தார்.

அப்போதுதான் நான் துணியை விட்டேன். கடலின் ஒரு மூலை மணலில் விழுந்தது. அதற்காக அன்றைக்கு நீங்கள் எல்லோரும் என்னைக் கிள்ளினீர்கள், இன்றைக்கும் அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறீர்கள். ஏன் விட்டேன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

ஐயா ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தானே அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டார். மகள் கேட்காமலே தகப்பன் புறப்பட்டான். அதன் பிறகு கதைக்கு ஒட்டு இல்லை. புயலுக்குள் நின்று "மகள் கேட்ட கேள்வி நெஞ்சைச் சுடுதே" என்று அவர் பாடியபோது, என்ன கேள்வி, யார் கேட்டது என்று சனத்துக்கு விளங்கவில்லை. பேக்கரி முதலாளி கையைத் தூக்கியபடி நின்றார். வெயில் சாயமுன்னம் நாடகம் முடிந்தது. வள்ளத்தைக் குற்றியில் உருட்டிக் கடலில் இறக்கினார்கள். ஐயா முகத்துப் பவுடரைக்கூடத் துடைக்காமல் தொழிலுக்குப் போனார்.

ரீச்சர் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனது எனக்குக் கேட்டது. "நல்ல குரல் எண்டு சொன்னவை. ஆனால் பிள்ளைக்குச் சபைக்கூச்சம். சபைக்கு நிக்க ஏலாதவையை நான் எடுத்து என்ன செய்ய?"

விடிந்து ஐயா வந்தார். மீனை இறக்கமுன்னம் வீட்டுக்கு வந்தார். அக்கா முற்றத்தில் நின்றாள். அவருடைய வள்ளம் கரைக்கு வந்துவிட்டதா என்று அவள் அதற்குள் இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"ஊரைக் கூட்டிவைச்சு என்ரை மானத்தை வாங்கிப்போட்டாய். ஒரு வரி. ஒரு வரி உனக்கு ஞாபகம் நிக்கேல்லை."

"மறந்துபோனன் ஐயா" என்றாள் அக்கா.

"மறக்கிறவளுக்கு என்னத்துக்குப் பாட்டு?"

அவ்வளவுதான். அவள் அதற்குப் பிறகு பாடவில்லை. கோயிலில் எல்லோரும் பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பாள். அடுத்த மாதம் இறால் துப்புரவாக்குகிற கம்பனிக்கு வேலைக்குப் போனாள். சூட்கேஸ் திரும்பக் கட்டிலுக்குக் கீழே போனது, பிறகு அதில் அம்மா பழைய துணி வைத்தார். ஐயா கலியாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார், "இவள்தான் என்னைக் கடலுக்கு அனுப்ப மறந்தவள்" என்று. இடம்பெயர்ந்து போன இடத்தில் காய்ச்சல் கண்டு கண்ணை மூடும்வரை அவருக்கு அவள் பாட்டை மறந்தவள்தான்.

இந்த மௌனத்தைத்தான் இப்போது மாஸ்டர் வேண்டுமென்றே வைத்தது என்கிறீர்கள். இது உங்களில் யார் சொல்லிப் பரப்பிய கதையோ தெரியாது. தம்பியும் அதை நம்பி, நீல வெளிச்சம் போட்டு, வயலின் இழுத்து, அந்தப் பிள்ளையை ஒரு நிமிடம் சும்மா நிற்க வைத்திருக்கிறான். அழகாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒன்றும் இல்லை. கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்க வேண்டி நிற்கிறவளின் முகம் அதில்லை. திரையில் இருக்கிற கடலுக்குப் போகிறவரிடம் எதைக் கேட்டால்தான் என்ன?

வீடியோவில் நீங்கள் காணாத ஒன்றைச் சொல்கிறேன். புது நாடகம் போட்ட அன்றைக்கு நான் அக்காவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கொக்குவிலில் மகள் வீட்டில் இருக்கிறாள், வரமாட்டேன் என்றவளை நான்தான் வற்புறுத்தினேன். நாலாம் வரிசையில் இருந்தோம். அந்த ஒரு நிமிடம் முழுக்கத் தன் கைப்பையின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடகம் முடிந்து தம்பி ஓடிவந்தான்.

"அன்ரி, அந்த மௌனம் மாஸ்டர் சொல்லித் தந்ததோ, இல்லாட்டி நீங்களே செய்ததோ?"

"நான் பாட்டை மறந்துபோனன், தம்பி" என்றாள் அக்கா.

அவன் அதைத் தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தான், அவள் கையைப் பிடித்துப் படமும் எடுத்தான். உங்களுக்கு அனுப்பிய படம் அதுதான்.

பஸ்ஸுக்கு நின்றோம். நாலு மணி வெயில். அவள் குடையை விரிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"நீ கேட்டனிதானே?" என்றாள்.

"என்னத்தை?"

"அண்டைக்கு நான் கேட்டது. ஐயா சொன்னது. உனக்குக் கேட்டது எண்டு எனக்குத் தெரியும். நீ துணியை விட்டனி."

ஆம். கேட்டேன். மூன்றாம் தரம் எடுப்பு வாசிக்கும்போது அக்கா பாடவில்லை, ஆனால் பேசாமலும் நிற்கவில்லை. ஐயாவின் தலைப்பாகையைப் பார்த்தபடி, மெல்ல, தினமும் கரையில் கேட்கிறமாதிரி, "தூரமோ ஐயா?" என்று கேட்டாள். ஐயாவும் தன்னை அறியாமல், தினமும் சொல்கிறமாதிரி, "உதிலைதான் பிள்ளை" என்றார். சொன்னது அவருக்கே தெரியாது. பழக்கத்தில் வந்த வாய். ஆர்மோனியச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. வள்ளத்தின் தலைப்பக்கம் நின்ற எனக்கு மட்டும் கேட்டது, துணி கையிலிருந்து நழுவியது.

அவள் மறக்கவில்லை. ஒரு வரியும் மறக்கவில்லை. அந்தப் பாட்டைப் பாடியிருந்தால் அவள் மருதனார்மடத்துக்குப் போயிருப்பாள். அதே வள்ளத்தில், அதே தலைப்பாகையோடு, இன்னும் ஒரு மணித்தியாலத்தில் கடலுக்குப் போகிற மனிதரைப் பார்த்து 'எங்கே' என்று கேட்க அவளால் முடியவில்லை. காரணத்தை ஐயாவிடம் சொல்லவும் முடியவில்லை. 'நீங்கள் திரும்பாமல் விடுவீர்கள் என்று பயந்தேன்' என்று கடலுக்குப் போகிறவரிடம் எந்த மகள் சொல்வாள்? அவள் சொல்ல முடியாது. நான் சொல்லியிருக்கலாம். சின்னப்பிள்ளை சொன்னால் குற்றமில்லை.

"ஐயா இருக்கேக்கை ஒருக்கால் சொல்லியிருக்கலாம்" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்தது. ஏறி, யன்னலோரம் இருந்து, குடையை மடியில் வைத்தாள். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் நல்லது என்று ஐந்து நாளாக நினைக்கிறேன். ஏனென்றால் பதில் என்னிடம் இருக்கிறது. ரீச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்கா வீட்டிலேயே இருப்பாள், பாயில் அவளுடைய இடம் வெறுமையாகாது. நான் உண்மையைச் சொன்னால் ஐயா இரங்குவார், மாஸ்டர் திரும்ப ரீச்சரிடம் போவார், சூட்கேஸ் வெளியே வரும். பத்து வயதில் இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. பிறகு இருபது வந்தது, முப்பது வந்தது, அப்போதும் சொல்லவில்லை. அப்போது சந்தோஷமும் இல்லை, வெறும் வெட்கம்தான். நீங்கள் எல்லோரும் அம்மாவையும் ஐயாவையும் மாஸ்டரையும் எவ்வளவு குறை கதைத்திருப்பீர்கள். ஒருவரும் துணி பிடித்த பிள்ளையைச் சந்தேகப்படவில்லை.

தம்பிக்கு யாராவது சொல்லுங்கள். வயலினை எடுக்கட்டும். அந்த இடத்தில் அவள் கேட்டாள், அவர் பதில் சொன்னார். இரண்டே வரி. அதைப் போட்டால் கதையின் ஓட்டை அடைபடும், புயலில் அவர் பாடுவதற்கும் அர்த்தம் வரும்.

ஆனால் இதை உங்களுக்கு அனுப்பமுன்னம் அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கடைசி வரிகளைக் கொக்குவிலுக்குப் போகிற பஸ்ஸில் இருந்துதான் தட்டுகிறேன். காலையில் செருப்பை மாட்டும்போது, வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்த மகன் தலையை நிமிர்த்தினான்.

"தூரமோ அம்மா?"

"உதிலைதான்" என்றேன்.